மைக்செட்டும் பஞ்சுக்காட்டு மாமாவும்

ஜவ்வாது மலையில் பஞ்சுக்காட்டு மாமாவைத் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுப் பிறந்த குழந்தையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேற்று மாற்றலாகி வந்த ஃபாரஸ்ட் கார்டாக இருக்க வேண்டும். இத்தனைக்கும் மாமா இந்தப் பக்கம் ஒரு தடவைகூட வந்ததில்லை. அமெரிக்காவில் பருத்திக் காட்டில் கூலி வேலை செய்து, வேலை முடிந்ததும் கிடார் வாசித்து, நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே செத்துப்போன, ப்ளூஸ் என்கிற சோகப் பாட்டுப் பாடகர் அவர். அந்த மனுஷனை மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக் குக்கிராமங்களுக்கெல்லாம் தாய்மாமனாக்கிய புண்ணியம் ஒரே ஆளைத்தான் சேரும். எங்கள் கணியம்பாடி மைக்செட்டை.

மைக்செட்டுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆதார் அட்டையில் தேடினால் கிடைக்கும். கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் குழாய் கட்டி, ஜெனரேட்டர் வைத்து, பாட்டுப் போடுவது அவர் தொழில். போன் செய்தால் அவர் மனைவியே, “மைக்செட்டு வூட்ல இல்லீங்களே, மலைக்குப் போய்ட்டாரு” என்றுதான் சொல்வார்.

ஏதோ ஒரு கல்யாணத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் மறந்துவிட்டுப் போன பென்டிரைவ் மைக்செட் கையில் சிக்கியது. உள்ளே முழுக்கப் பழைய ப்ளூஸ், பழைய இங்கிலீஷ் பாப். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை. பாடுகிறவர்களின் பெயர்கள் வாயில் நுழையாததால் எல்லோரையும் உறவாக்கிவிட்டார். பருத்தி பொறுக்கியவர் பஞ்சுக்காட்டு மாமா. உடைந்த பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு கம்பியில் தேய்ப்பவர் பாட்டில் சித்தப்பா. கோட்டு சூட்டு போட்டுப் பாடும் பாப் கோஷ்டியெல்லாம் மொத்தமாக மச்சான்கள்.

பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பாரா? மாட்டார். மைக்கைப் பிடித்துவிடுவார்.

“அடுத்ததா வர்றவரு நம்ம பாட்டில் சித்தப்பா. கம்பிய அமுக்க மாட்டாரு, தேய்ப்பாரு. அந்த வழுக்கல நல்லா கவனிங்க. பந்தியில கொழம்பு கேக்கறவங்க கொஞ்சம் மெதுவா கேளுங்க.”

இப்படிச் சொல்லிச் சொல்லியே மலை முழுக்க ரசிகர் மன்றம் வளர்த்துவிட்டார். அடிவாரத்து அமிர்தியிலிருந்து மேலே போகும் ஷேர் ஜீப்பில் ஏறிப் பாருங்கள். புளி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு ரெண்டு பேர், “மாமா கித்தாருதான் மனசுல நிக்கும்”, “போய்யா, சித்தப்பா வழுக்கலுக்கு முன்னாடி மாமா இன்னா?” என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள். ஜீப்காரர் வேறு ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

மைக்செட்டுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. அர்த்தத்தைக் கிடார் சத்தத்திலிருந்தே எடுத்துக்கொள்வார். “மாமா மாட்டைத் தொலைச்சிட்டாருங்க. காடு காடா தேடறாரு” என்று ஒருநாள் அறிவித்தார். மலை ஜனம் உச்சுக்கொட்டியது. எங்கள் ஊர்ப் பள்ளியில் டிரில் வாத்தியாராக இருக்கும் ஸ்டீபன் சாருக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிடார் வாசிக்கிறவர் அவர்.

“யோவ், அது பொண்டாட்டி வுட்டுட்டுப் போன பாட்டுய்யா!”

“பொண்டாட்டி போனதுக்கா சார் மனுஷன் இப்டி உருகுவான்? மாடுதான்.”

வாத்தியார் தலையை ஆட்டிக்கொண்டே கிளம்பிவிட்டார். அவரும் குடும்பஸ்தர்தானே.

ஒரு தடவை சித்தப்பா மாதிரி வழுக்கிப் பார்க்க ஆசை வந்தது மைக்செட்டுக்கு. சொந்தமாகக் கிடார் கிடையாது, வாசிக்கவும் தெரியாது. அதெல்லாம் அப்புறம், முதலில் பாட்டில் அமையட்டும் என்று ஒயின் ஷாப் பின்பக்கம் போய் ஒரு கோணி நிறையக் காலி பாட்டில் பொறுக்கித் தோளில் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்து வந்தார். டீயைக்கூட ஆற வைத்துக் குடிக்கிற பரம சாது! எதிரில் பாஸ்டர் வந்துவிட்டார். அன்று சாயங்காலமே சபையார் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, குடியின் பிடியிலிருந்து இவரை விடுவிக்கும்படி முழங்காலில் நின்று ஜெபம் செய்தார்கள். மைக்செட்டும் கூடவே கண்ணை மூடி ஆமென் சொன்னார். யாருக்கு ஜெபிக்கிறார்கள் என்று விசாரிக்கவே இல்லையாம்.

வேடிக்கையை விடுங்கள். கிடார் விஷயத்தில் மட்டும் அந்த ஆள் அரிச்சந்திரன். ஈஸ்டர் ஆராதனையில் ஸ்டீபன் சார் வாசித்து முடித்ததும், “எவ்வளவு இனிமை!” என்று பாஸ்டர் மெச்சினார். மைக்கைச் சரிசெய்ய மேலே போயிருந்த மைக்செட் அந்த மைக்கிலேயே, “நாலாவது கம்பி சுருதி சேரலீங்க பாஸ்டரே” என்றார். சபை முழுக்கச் சிரித்தது. ஸ்டீபன் சார் காது சிவந்து நின்றார். சர்ச் வேலை மைக்செட்டின் கையைவிட்டுப் போனது. “ஏன்யா, வாயை வெச்சிகினு சும்மா இருக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “கித்தாருல பொய் சொல்லிட்டு நான் எப்டி சார் தூங்கறது?” என்றார்.

செல்வி கல்யாணம் இதற்கெல்லாம் பிறகு நடந்தது.

நெல்லிவாசல்நாட்டில் சாமை விதைக்கிற சின்னசாமியின் மகள் செல்வி. மாமாவின் பரம ரசிகை. கல்யாணம் நிச்சயமானதும் அவள் மைக்செட்டைக் கேட்டது ஒன்றே ஒன்று: “தாலி கட்றதுக்கு முன்னாடி மாமா பாட்டு ஒண்ணு ஓடணும்ணே. எதுன்னு ஒனக்கே தெரியும்.” நானும் ஸ்டீபன் சாரும் அழைப்பின் பேரில் போயிருந்தோம். எனக்குக் கணியம்பாடி தபாலாபீசில் வேலை. அந்த ஊருக்கு மணியார்டர் கொடுத்துக் கொடுத்துப் பழக்கம்.

இங்கே மைக்செட் தொழிலின் ஒரு கட்டுப்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். சாவுக்குப் போட்ட பாட்டைக் கல்யாணத்துக்குப் போடக் கூடாது. ஜனம் சும்மா விடாது. அதற்காகவே நம்ம ஆள் நல்ல காரியத்துக்கு மஞ்சள் கயிறு கட்டிய பென்டிரைவ், சாவுக்குக் கறுப்புக் கயிறு கட்டியது என்று தனித்தனியாக வைத்திருப்பார். ஆனால் தை மாதம் அதே ஊரில் கோவிந்தன் என்ற ரசிகர் செத்துப்போனார். அவருடைய மகன் அழுதுகொண்டே, “எங்கப்பாவுக்குப் புடிச்சத ஒரு தடவை போடுண்ணே” என்று கையைப் பிடித்தான். மனசு கேட்கவில்லை. மஞ்சள் கயிற்றிலிருந்தே அந்த மாடு தொலைந்த பாட்டை எடுத்துப் போட்டுவிட்டார். போட்டதையும் மறந்துவிட்டார்.

வைகாசியில் கல்யாணம். செல்வி மணையில் உட்கார்ந்தாயிற்று, தாலி தட்டில் வந்தாயிற்று. மைக்செட் பாட்டைப் போட்டார். கிடார் ரெண்டு சுற்று சுற்றியிருக்காது.

“நிறுத்துய்யா!” மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்துவிட்டார். “இது கோவிந்தன் சாவுல போட்ட பாட்டு! நான் வந்திருந்தேன். கேட்டு அழுதவன் நான்! சாவுப் பாட்டப் போட்டுத் தாலி கட்டச் சொல்றீங்களா?”

மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் எழுந்தது. பெண் வீட்டில் ஒருவர், “அன்னைக்குப் போட்டது சித்தப்பா பாட்டுய்யா” என்று குறுக்கே பாய்ந்தார்.

“யாருகிட்ட கதை வுடற? சித்தப்பான்னா வழுக்கும். அன்னைக்கு எங்க வழுக்குச்சி?”

“அன்னைக்குக் கம்பி அழுதுச்சி. இன்னிக்குக் கம்பி இருமுது. நல்லா கேட்டுப் பாரு!” என்றது ஒரு பாட்டி.

அவ்வளவுதான், பந்தல் ரெண்டாகப் பிரிந்தது. கட்டை விரலால் வாசித்தாரா, நகத்தாலா என்று ஒரு பக்கம் தகராறு. சமையல்காரர் கரண்டியோடு வந்து, மாமாவின் தாளமே வேறு என்று வாதாடினார். சாம்பார் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, யாரும் சட்டை செய்யவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. செல்வியைப் பார்த்தேன், வந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தலையைக் குனிந்து பட்டுப்புடவையின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள். சின்னசாமி ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மணையில் உட்கார்ந்த பெண்ணின் கல்யாணம் நின்றால் அப்புறம் அவளை இந்த ஊர் என்னவெல்லாம் பேசும்!

கடைசியில் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கையை உயர்த்தினார். “எதுக்கு சும்மா கத்திகினு? மைக்செட்ட கேளுங்க. கித்தாரு விஷயத்துல அவன் பொய் சொன்னதில்ல. அவன் அதே பாட்டுன்னா கல்யாணம் நிக்கட்டும். வேறன்னா தாலி கட்டட்டும்.”

பெரியப்பாவும் தலையாட்டினார். மைக்செட் ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. செல்வி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அதே பாட்டுதான் என்று அவளுக்குத் தெரியும். கோவிந்தன் சாவுக்குப் போயிருந்த எனக்கும் ஸ்டீபன் சாருக்கும் தெரியும். மைக்செட் மைக்கைக் கையில் எடுத்தார், தொண்டையைச் செருமினார், துண்டால் வாயைத் துடைத்தார். இந்த ஆள் உண்மையைச் சொல்லித் தொலைக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

“ஆளு அதே மாமாதாங்க” என்றார். “ஆனா கித்தாரு வேற. சாவுக்குப் போட்டது மரக் கித்தாரு. இது தகரம் வெச்ச கித்தாரு. பாட்டும் வேற, சேதியும் வேற. அன்னைக்கு மாடு தொலைஞ்சிது. இது... மாடு கெடச்ச பாட்டுங்க.”

பெரியப்பா காதைத் தீட்டிக்கொண்டு, “எங்க, இன்னொரு தபா போடு” என்றார். மைக்செட் போட்டார். பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டார். கேட்டார், கேட்டார்... முகம் மெல்ல மலர்ந்தது.

“அட, ஆமாய்யா! தகரம் கேக்குது!”

“நல்லாவே கேக்குது!” என்றார் சமையல்காரர்.

“நான் அப்பவே சொன்னேனே, இருமுதுன்னு!” என்றது பாட்டி.

கெட்டிமேளம் கொட்டியது. செல்வி கழுத்தில் தாலி ஏறியது. சின்னசாமி துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்?

சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் மலையிறங்கினோம். ஒரு வளைவில் மைக்செட் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பின்னால் போய் ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் மாமாவின் படம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“மன்னிச்சிக்க மாமா. நல்ல மரக் கித்தார வெச்சிகினு இருந்த உன் கையில தகரத்தக் குடுத்துட்டேன். பொண்ணு கல்யாணம், எனக்கு வேற வழி தெர்ல.”

பெட்டியை மூடிவிட்டு ஸ்டீபன் சாரிடம் வந்தார்.

“நான் சொன்னது பொய்யின்னு உனக்குத் தெரியும் இல்ல சார்? அத்தினி பேரு முன்னாடி ஏன் சார் என்னிய ஒரு வார்த்த கேக்கல?”

ஸ்டீபன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் நிதானமாகத் துடைத்தார்.

“இன்னா பொய்யி? எனக்கும் தகரம்தான்யா கேட்டுது” என்றார்.

மைக்செட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அமிர்தி வருகிறவரை விடவே இல்லை. மலையில் இப்போது அந்தப் பாட்டு இல்லாமல் கல்யாணம் கிடையாது, சாவு வீட்டில் யாராவது போடச் சொன்னால் ஊரே கூடித் திட்டும். நானும் வீட்டில் அடிக்கடி போட்டுக் கேட்கிறேன். அது சுத்தமான மரக் கிடார் என்று எந்தச் சர்ச்சில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனாலும் அந்த மனுஷன் முகத்தை நினைத்துக்கொண்டால் எனக்கும் தகரம்தான் கேட்கிறது.