ஞானியின் வரிகளை எண்ணுகிறவர்

பழைய ஞானிகளைப் படிப்பவர்கள் எங்கள் ஏதென்ஸில் கொஞ்சம் பேர். படித்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் ஏராளம். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அது படிப்பதில்லை, எண்ணுகிறது. வரியெண்ணி என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். தெரியாத்தனமாக அதன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தீர்களோ, அன்றைய காப்பி ஆறிப்போனதுதான்.

எங்கள் தெருக் காப்பிக்கடைக்குத் தினமும் வரும் லிகூர்கோஸ், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இந்த இனத்தின் அசல் மாதிரி. இரண்டாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் எழுதிய தத்துவ உரையாடல் ஒன்றை எடுத்து, வரிகளை எண்ணி, பன்னிரண்டு சமபங்காக வெட்டி, ஒவ்வொரு வெட்டும் யாழ் நரம்பில் ஒரு சுரம் என்று வைத்து, சுரம் இனிக்கும் இடத்தில் ஞானி அன்பைப் பேசுவார், கரகரக்கும் இடத்தில் சண்டையைப் பேசுவார் என்று நிரூபித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். நீங்கள் வாயைப் பிளக்க வேண்டும். பிளக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

"ஏன் வாத்தியாரே, இனிக்கிற எடத்துல ஒருத்தன் இன்னொருத்தனத் திட்டுறானே?" என்று கடைக்காரர் ஸ்டமாட்டிஸ் ஒருநாள் கேட்டார்.

"அது ஞானியோட நையாண்டிப்பா."

"கரகரக்கிற எடத்துல கொஞ்சுறானே?"

"அந்தக் காலத்துல கையால நகலெடுத்த மடத்துச் சாமியார் தூங்கி வழிஞ்சிருப்பான். நாலு வரி விட்டுப்போச்சு."

"சரி, ஞானி என்னதான் சொல்றாரு?"

"அது எதுக்கு உனக்கு? எங்க சொல்றாருன்னு பாரு!"

இப்படிப்பட்டவரை என்ன செய்வது? சிரித்துவிட்டுப் போகலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அவர் மகள் மிர்த்தோவின் விஷயம் நடக்கும்வரை.

மிர்த்தோவுக்கு ஹாம்பர்க்கில் வேலை கிடைத்திருந்தது. போக மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் பரிமாறி முடிந்ததும் அவள் ஆரம்பித்தாள்.

"அப்பா, அங்க எனக்கு யாரையும் தெரியாது. இங்கயே ஒரு பள்ளிக்கூடத்துல வேலை தரேங்கறாங்க. சம்பளம் கம்மிதான்." ஒரு பெருமூச்சு விட்டாள். "நீங்க இருன்னு ஒரு வார்த்த சொன்னா இருந்துடுவேன். நான் இங்க இருக்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்கா, இல்லையா?"

லிகூர்கோஸின் விரல்கள் மேசைவிரிப்பைத் தட்டிக்கொண்டிருந்தன. அவள் வார்த்தைகளை எண்ணிக்கொண்டிருந்தார் மனுஷர்! அவள் முடித்ததும் மனக்கணக்காக வகுத்துப் பார்க்க, புருவத்தை உயர்த்தி, தலையை மேலே தூக்கி, 'ட்ச்' என்று நாக்கைத் தட்டிக்கொண்டே கூரையைப் பார்த்தார். உங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தமோ தெரியாது. எங்கள் ஊரில் தலை மேலே போனால் 'இல்லை' என்று தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

மிர்த்தோ தட்டைத் தள்ளிவைத்தாள். "சரிப்பா" என்று எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லிகூர்கோஸ் என் பக்கம் திரும்பினார், முகமெல்லாம் பூரிப்பு. "பேச்சுக்குச் சரிபாதியில பெருமூச்சு விட்டா, கவனிச்சியா? ரத்தத்துலயே இருக்குப்பா!"

அவர் மனைவி எஃப்தாலியா ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தாள். "அவ என்ன கேட்டான்னு சொல்லுங்க பாப்போம்."

"கேட்டாளா?"

எஃப்தாலியா சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். "கண்ணு, இருடா! அப்பா இருன்னுதான் சொல்றேன்!"

"இப்ப அம்மா சொல்லிக் குடுத்தாங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவள் போய்விட்டாள். லிகூர்கோஸ் கெட்டவர் இல்லை. மகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். அதனால்தான் அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

நமக்கென்ன, நாம் ஞானியையும் எண்ணவில்லை, யாழையும் எண்ணவில்லை என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்களே, நீங்களும் தலையைத் தூக்காமல் 'ம்' என்றீர்களே, என்ன கேட்டார்கள்?