ஒன்றரை மீட்டரும் ஐந்து சென்டிமீட்டரும்

“ஞாயித்துக்கிழமை உனக்கு அப்படி என்ன வேலை? கார்ல சும்மா உக்காந்து ஓட்டுறதுக்குக் கூட வலிக்குதா?”

கேட்டவர் என் வீட்டுக்காரர் ஹிடேயுகி. கேட்ட இடம், சைக்கிள் கடையின் நட்டநடு. விற்பனைப் பெண் தரையைப் பார்த்தபடி நின்றாள். ஹிரோஷிமாவில் அடுத்தவர் சண்டையை அப்படித்தான் கேட்பார்கள், ஒரு வார்த்தை விடாமல்.

சும்மா உட்கார்வதாவது. இவரும் அலுவலக நண்பரும் ஒனோமிச்சியில் சைக்கிளை இறக்கி, தீவு தீவாகப் பாலம் தாண்டி, எழுபது கிலோமீட்டர் மிதித்து இமாபாரிக்குப் போவார்கள். நான் காலிக் காரை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் காத்திருந்து, வேர்த்த இரண்டு ஆண்களை அள்ளிக்கொண்டு வரவேண்டும். போன மாதம் அப்படிப் போனதில் என் பாட்டுப் பயிற்சி போயிற்று. நான் படித்த கான்வென்ட்டின் பழைய மாணவிகள் குழு. ஜூனில் கச்சேரி, தனிக்குரல் எனக்கு. இன்னொரு ஞாயிறு வராவிட்டால் அது சகாகிபாராவுக்கு என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். சகாகிபாராவுக்குச் சுருதி என்பது தூரத்து உறவு.

இன்று வாங்க வந்தது காரில் சைக்கிளை ஏற்றிப்போகிற கேரியர். அது வந்தால் என் ஞாயிறுகள் அத்தனையும் அவருடையவை. வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் இரண்டாக வாங்குவார். இருபத்தாறு வருஷ அனுபவம்.

“பின்னாடி மாட்டுற கேரியரே போதுங்க. தூக்கி வைக்க சுலபம்.”

“நம்பர் பிளேட் மறைஞ்சா போலீஸ் பிடிப்பாங்க. சட்டம் தெரியுமா உனக்கு?”

“அதுக்காகக் கூரை மேலயா? அவ்ளோ உசரம் எனக்குப் பயமா இருக்கு.”

பயம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. “எதுக்குப் பயம்? எல்லாம் அளந்தாச்சு.”

அளந்திருந்தார்தான். கார், சைக்கிள், சுரங்கப்பாதை, சுங்கச்சாவடி, எல்லாம் நோட்டில் இருந்தது.

விற்பனைப் பெண் தலை நிமிர்ந்தாள். “சார், உங்க வீட்டு பார்க்கிங்...”

“வீட்டு விஷயம் நாங்க பாத்துக்கறோம்மா.”

பாவம், வாயை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். கடைப் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து முக்கால் மணி நேரம் திருகி, கூரையில் கம்பிகளை மாட்டினார்கள்.

எங்கள் அடுக்ககத்தில் காரை இரும்புத் தட்டில் விட்டுச் சாவியைத் திருப்பினால், இயந்திரமே தூக்கி அடுக்கிவிடும். தினமும் திருப்புகிறவள் நான். இவர் டிராமில் ஆபீஸ் போகிறவர். சாவித் துளைக்கு மேலே சிவப்பில் எழுதியிருக்கும்: உயரம் 155 சென்டிமீட்டருக்குள். எங்கள் கார் 149. கம்பிகள் 11.

அன்றும் ஞாயிறுதான். மதியம் ஒரு மணிக்கு வீடு வந்தோம். கம்பீரமாகக் காரைத் தட்டில் ஏற்றினார்.

“உயரம் அதிகம். தயவுசெய்து வாகனத்தை வெளியே எடுக்கவும்” என்றது இயந்திரம், தேன் குரலில்.

மூன்று தடவை சாவியைத் திருப்பினார். அது மூன்று தடவையும் தயவு செய்தது. காவலாளி நிஷியோகா சான் ஓடிவந்து குனிந்தார்.

“மன்னிக்கணும். கம்பியைக் கழட்டினாத்தான் உள்ள போகும்.”

“ஒவ்வொரு தடவையுமா? வெட்டவெளி பார்க்கிங்ல இடம் இருக்கா?”

“அதுக்கு ஆறு மாசம் காத்திருக்கணுங்க.”

இது ஏப்ரல். ஜூனுக்கு அப்புறம் அவர் எந்தத் தீவுக்கும் போகட்டும்.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “உனக்கு இது தெரியுமா?”

“எல்லாம் அளந்தாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

பின்னால் இரண்டு கார்கள் வந்து நின்றன. ஹாரன் அடிக்கவில்லை. இங்கே அதுதான் பெரிய அவமானம். இவர் ஸ்பானரோடு காரின் நிலைப்படியில் ஏறினார். நிஷியோகா சான் அந்தக் கார்களிடம் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்கப் போய்விட்டார். நான் பின் இருக்கையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டு மணிக்குப் பயிற்சி. என் பாட்டின் முதல் வரியை முனகிக்கொண்டே தெருமுனை வரை வந்துவிட்டேன்.

“சுமிரே, போறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்... சுமிரே?”