மாமனாரின் பெயர்

மூன்று நாளாக அந்தச் சொல் நோசகேலேயின் நாக்கு நுனியிலேயே நின்றது. தண்ணீர்.

மாமனார் பெயர் மன்ஸேசூலு. எங்கள் பேச்சில் தண்ணீரைக் குறிக்கும் சொல் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. புது மருமகள் அவர் பெயரையும் சொல்லக் கூடாது, அதன் சாயலுள்ள சொல்லையும் சொல்லக் கூடாது. வாய் தவறினால் பிறந்த வீட்டுக்கு நடை. தண்டமாக ஓர் ஆட்டோடுதான் திரும்பலாம். அவள் அம்மாவிடம் இருந்ததோ இரண்டு கோழி.

மாமியாராலும் அந்தப் பெயரைச் சொல்ல முடியாதே! அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பல வருஷம். நாத்தனார்தான் அதைக் காதில் ஓதிவிட்டுப் போனாள்.

"அந்தக் குடிக்கிறதை 'குளிர்ச்சி'ன்னு சொல்லுடி. முப்பது வருஷமா நான் அப்படித்தான் சொல்றேன், செத்தா போயிட்டேன்?" என்றாள் மாமியார்.

'சொல்லாதே' என்று அதட்ட அதட்ட, மனசு அந்தச் சொல்லையே முன்னால் தள்ளியது. நோசகேலே எதற்கு வம்பென்று வாயையே மூடிக்கொண்டாள்.

"என்னடி இது! உன் நாக்கை நான் அறுத்துட்டேன்னு ஊரே பேசுது. போ, ஆட்டுப் பட்டியில ஆம்பளைங்களுக்குச் சோளப் பீர் குடுத்து, நாலு வார்த்தை பேசிட்டு வா!"

பட்டியில் ஆடுகளை முக்கியெடுக்கும் மருந்துக் குழி மழையில் நிரம்பி, மேலே வைக்கோல் மிதந்தது. மாமனார் ஒரு முரட்டுக் கிடாயைக் கொம்பைப் பிடித்து இழுத்தபடி பின்பக்கமாகவே குழியை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"அப்பா!" என்று கத்தினாள். பட்டியோரம் உட்கார்ந்திருந்த ஏழு கிழவர்கள் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

"டோலோ!" அது குலப்பெயர். அங்கே எல்லாருமே டோலோதான்.

"என்னம்மா?" என்றார்கள் ஏழு பேரும்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு யாராவது கேளுங்கப்பா," என்றார் மாமனார், கிடாயோடு மல்லுக்கட்டியபடியே.

"பின்னால பாருங்க!"

ஏழு பேரும் தங்கள் பின்னால் பார்த்தார்கள். இன்னும் ஓரடிதான்.

"மன்ஸேசூலு!"

அவள் கையிலிருந்த பீர்ப் பானை கீழே விழுந்து உடைந்தது. கிழவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமனார் அந்த ஓரடியையும் வைத்தார். தொப்!

கழுத்தளவு மருந்தில் நின்றவரைத் தூக்கி வெளியே விட்டார்கள். நோசகேலே மண்டியிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆட்டுக்கு எங்கே போவாள்?

மாமனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பாவம், பொண்ணு தொண்டை கிழியக் கத்துது, ஒருத்தனும் அசைய மாட்டேங்கிறீங்க. யாருப்பா அந்த மன்ஸேசூலு? சீக்கிரம் வரச் சொல்லுங்க!"