குதிரைப்படை அண்ணாச்சி போட்ட உத்தரவு

குதிரையே ஏறாமல் ஒரு குதிரைப்படையை நடத்தியவர் திருநெல்வேலிச் சீமையில் ஒருவர்தான். எங்கள் டவுண் இன்சூரன்ஸ் ஆபீசின் தலைமை எழுத்தர், ‘குதிரைப்படை’ அண்ணாச்சி. ரத வீதியில் ஒரு கல்யாண ஊர்வலக் குதிரை தும்மியதற்கு, அல்வாக் கடைக்குள் பாய்ந்து அடுப்படிவரை போய்விட்ட மனிதர்.

முதல் உலகப் போர் தொடங்கிய மாதத்தில் நடந்த ஒரே ஒரு சண்டைதான் அவருக்கு உலக வரலாறு. மதியச் சாப்பாட்டு மேஜையில் அது தினமும் நடக்கும். தயிர்சாத டப்பா எதிரியின் மெஷின்கன். எங்கள் வடைகள் குதிரைகள்.

“வேலிக்குப் பின்னால மெஷின்கன் ஒளிஞ்சிருக்குவே. தளபதி குதிரை மேல இருக்கான். இறங்கிப் பைய நடக்கணுமா, வாளை உருவிக்கிட்டுப் பாயணுமா? என்ன செஞ்சான் தெரியுமா? பாய்ஞ்சுட்டான், கூறுகெட்ட பய!”

விழுந்த குதிரைகளை அவரே தின்றுவிடுவார். “இறங்கியிருக்கலாம்லா? அத்தனை பிள்ளைகளும் வீடு போய்ச் சேர்ந்திருக்குமே” என்று வாய் நிறைய வடையோடு புலம்புவார். “அந்தாளு செத்தே நூறு வருஷம் இருக்கும் அண்ணாச்சி” என்ற மேனேஜரோடு ஒரு வாரம் பேசவில்லை.

தாமிரபரணி கரை மீறிய அந்த மழையில், என் மனைவிக்குப் பிரசவ வலி என்று ஜங்ஷன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஸ்கூட்டரைக் கிளப்பினேன். குடையோடு பின்னால் ஏறிக்கொண்டார் அண்ணாச்சி. பாதி வழியில் ரோட்டைக் காணோம், தண்ணீர்தான் ஓடியது.

“வேகமாப் போனா தாண்டிரலாம் அண்ணாச்சி” என்றேன்.

அவர் எட்டிச் சாவியைப் பிடுங்கினார். “இறங்கும்வே!”

“அவ தனியா கிடக்கா அண்ணாச்சி!”

“அதனாலதான் சொல்லுதேன். இறங்கும்!”

வண்டியை விட்டு இறங்கினோம். ரோட்டின் நடுவே இருந்த தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டு, குடையால் ஆழம் பார்த்தபடி அவர் முன்னால் போனார். அவர் சட்டையைப் பிடித்தபடி நான். எங்களைத் தாண்டிச் சீறிக்கொண்டு போன பைக் ஒன்று பத்தடியில் குப்புறக் கவிழ்ந்தது. ஓட்டியவனை அண்ணாச்சி குடையின் வளைந்த கைப்பிடியால் காலரில் கொக்கி போட்டு இழுத்தார். “ஏலே, நீயும் பாயுதியா!” பைக்கை வெள்ளம் கொண்டுபோயிற்று. திரும்பிப் பார்த்தேன், என் ஸ்கூட்டரும் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மகள் பிறந்திருந்தாள். “ஈரத்தோட உள்ள வரப்படாது” என்று அண்ணாச்சி வாசலிலேயே நடுங்கிக்கொண்டு நின்றார். துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து காட்டினேன். வாய் ஓயாத அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றி, சொட்டச் சொட்ட நனைந்த சட்டையால் துடைத்தார், மறுபடி துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார்.