லாட்ஜ் சுவரும் ஏழாவது விதியும்

பொறுப்பான ஆள் என்று பெயர் எடுக்கும் ஆசை ஒருவனுக்கு வந்துவிட்டால், அவனிடமிருந்து ஊரைக் காப்பாற்றத் தனியாக ஆள் போட வேண்டும். எனக்கு அந்த ஆசை இருபத்து நான்காம் வயதில் வந்தது. திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜ் இன்றைக்கும் ஆரஞ்சு நிறத்தில் நிற்பதற்கு அதுதான் காரணம்.

என் அக்கா சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, எங்கள் மல்லாட்டை நிலத்தில் (வேர்க்கடலைதான், எங்கள் ஊரில் அதற்கு அந்தப் பெயர்) பெயிண்ட்பால் மைதானம் போட்டிருந்தாள். துப்பாக்கியில் வண்ணக் குண்டு போட்டு ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்கிற விளையாட்டு. “சோறு போட்ட நெலத்துல சுட்டு விளையாடறாங்களாம்” என்று முணுமுணுத்தபடி அம்மா, அதை எப்போது மூடுவாள் என்று காத்திருந்தார். மூடினால் அக்கா மறுபடி சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

நான் அங்கே வீரர்கள் குழுவின் செயலாளர். (யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படி ஒரு பதவி இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியாது.) விளையாட்டில் முதலில் அடிபட்டு வெளியே வருகிறவன் நான்தான். அதனால் உட்கார்ந்து எழுத நிறைய நேரம் கிடைத்தது. பதினோரு விதிகள் எழுதி, லேமினேட் செய்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு அட்டை கொடுத்தேன்.

அந்த வருடம் கார்த்திகை தீபத்துக்கு முன்னால், ஊரே சுண்ணாம்பு அடித்து முடித்த சமயம், எங்கள் பகுதிச் சுவர்களில் ஆரஞ்சுக் கறைகள் முளைத்தன. பைக்கில் போகிற எவனோ வண்ணக் குண்டு வீசுகிறான். ஊர் நேராக அக்காவைப் பார்த்தது. ஒரு லாட்ஜ்காரர் மைதானத்துக்கே வந்து, “இத்த மூடறீங்களா, இல்ல நான் ஸ்டேஷனுக்குப் போவட்டுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

“நீ சும்மா இரு. நான் போய்ப் பேசிக்கறேன்” என்றாள் அக்கா.

“நீ கவலைய விடுக்கா. நான் பொறுப்பா பாத்துக்கறேன்” என்றேன் நான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அக்காவிடம் சொல்லாமல், ஆறு பேர் அவருடைய லாட்ஜ் வாசலில் அணிவகுத்தோம். குழு டி-ஷர்ட், முழங்கால் பட்டை, நெற்றியில் தூக்கிவிட்ட முகமூடி, கையில் வாளி, ஸ்பாஞ்சு, என் தோளில் மட்டும் துப்பாக்கி. (சுவர் துடைக்க முழங்கால் பட்டை எதற்கு என்று அன்றைக்கு ஒருவனாவது கேட்டிருக்கலாம்.) கிரிவலம் வந்தவர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள். பொறுப்பான வீரர்கள் யார், பொறுக்கிகள் யார் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றி, எல்லோருக்கும் விதி அட்டையைக் கொடுத்தேன்.

கறை எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. “வெறும் தண்ணி போதும் சார்” என்று ஊற்றித் தேய்த்தேன். சட்டையில் பட்டால் அந்தப் பெயிண்ட் தண்ணீரில் போய்விடும், உண்மை. இரண்டு நாள் முன்பு அடித்து இன்னும் இறுகாத சுண்ணாம்பில் பட்டால் என்ன ஆகும் என்று என் பதினோரு விதிகளில் இல்லை. எலுமிச்சம்பழம் சாப்பாட்டுத் தட்டானது.

“இன்னா தம்பி, கறை பெருசாவுதே?”

“ஆவும் சார். போறதுக்கு முன்னாடி அப்படித்தான் ஆவும். டேய், தண்ணி கம்மியா இருக்கு, ஜாஸ்தியா ஊத்துங்கடா!”

ஊற்றினார்கள். தட்டு டிராக்டர் டயரானது. லாட்ஜ்காரர் முகமும் ஏறக்குறைய அந்த ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. அங்கேயே காலில் விழுந்திருக்கலாம். நானோ, “சார், இது எங்க பெயிண்டே இல்ல, டூப்ளிகேட். எங்களுது எப்படி இருக்கும்னு பாருங்க” என்று முகமூடியை இறக்கி, கறைக்குப் பக்கத்திலேயே ஒன்று சுட்டேன்.

அச்சு அசலாக அதே ஆரஞ்சு.

லாட்ஜ்காரர் போன் செய்து வரவழைத்திருந்த ஏட்டையா, சரியாக அந்த நேரத்தில்தான் வண்டியை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். யார் கையிலிருந்தோ அட்டையை வாங்கி உரக்கப் படித்தார். ஏழாவது விதியில் நின்றார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“விதி ஏழு. விளையாடியது போக எஞ்சிய வண்ணக் குண்டுகளை வீணாக்காமல், பொறுப்புடன் வீட்டுக்கு எடுத்துச் செல்லவும். இப்படிக்கு, செயலாளர்.” தலையைத் தூக்கினார். “யாருப்பா அந்தச் செயலாளர்?”

ஐந்து விரல்கள் ஒரே சமயத்தில் என்னைக் காட்டின. எங்கள் குழு ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அது.

மாதக்கணக்கில் மைதானத்துக்கு வந்துபோன ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் நானே குண்டு போட்டு அனுப்பியிருக்கிறேன். வீசியவன் எவனோ, சப்ளை நான்.

தகவல் தெரிந்து அக்கா ஓடி வந்தாள். அட்டையைப் படித்தாள். என்னைத் திட்டவில்லை, பார்க்கக்கூட இல்லை. “எங்க குண்டுதாங்க. தப்பு எங்களுது. செவுரு முழுக்க நாங்களே அடிச்சித் தர்றோம். இனிமே ஒரு குண்டு வெளிய போவாது” என்றாள். அவ்வளவுதான். ஏட்டையா எச்சரித்துவிட்டுக் கிளம்பினார், மைதானம் பிழைத்தது. எனக்குத்தான் அவமானத்தில் நாலு நாள் சோறு இறங்கவில்லை.

நாங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று கை சுண்ணாம்பு அடித்தோம். மூன்று கையையும் மீறி ஆரஞ்சு எட்டிப் பார்த்தது. தீபத்துக்கு இரண்டே நாள் இருக்கையில், லாட்ஜ்காரர் வெறுத்துப்போய், “மொத்தத்தையும் ஆரஞ்சே அடிச்சித் தொலைங்கடா” என்றார். இப்போது ஆட்டோக்காரர்களிடம் ஆரஞ்சு லாட்ஜ் என்றாலே போதும், கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம். பந்தி முடிந்து நிறைய லட்டு மீந்திருந்தது. மாப்பிள்ளை முறுக்கெல்லாம் விட்டுவிட்டு நானே மைக்கைப் பிடித்து, “மிச்சம் இருக்கற லட்ட வீணாக்காம வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க” என்று பணிவாகச் சொன்னேன். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து அக்காவின் குரல் மைக் இல்லாமலே கேட்டது.

“எல்லாரும் அவங்கவங்க செவுத்தப் பாத்துக்குங்க!”