மீட்டர் சித்தரின் செப்புத் தகடு

மீட்டர் சித்தர் வந்து இறங்கிய நாளிலிருந்து எங்கள் தெருவில் நடக்க இடமில்லை. ஆளாளுக்கு மின்கட்டண ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மருத்துவரிடம் போகும்போதுகூட யாரும் அத்தனை பவ்யமாக நின்றதில்லை.

சித்தரின் கண்டுபிடிப்பு மிக எளிமையானது. பில் ஏறக் காரணம் பழைய ஃபிரிட்ஜோ, ஆளில்லாத அறையில் சுற்றும் ஃபேனோ இல்லையாம். மீட்டருக்குள் ஒரு பசித்த பேய் குடியிருக்கிறதாம்! அவர் மந்திரித்த செப்புத் தகட்டை மீட்டர்மேல் ஒட்டினால் அது பட்டினி கிடந்து ஓடிவிடுமாம். கூடவே ஒரு மாதத்துக்குச் சின்னதாக ஒரு நியமம்: ஏசி, ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, மோட்டார் எதையும் தொடக்கூடாது, ஆளில்லாத அறையில் விளக்கு எரியக்கூடாது.

பில் குறைந்தது. குறையாமல் என்ன செய்யும்? சித்தரின் புகழ்தான் ஏறியது.

தெருமுனைத் தையற்காரம்மாவின் கணவர் பள்ளிக்கூட எழுத்தர். அவரும் ஒரு தகடு வாங்கி வந்தார். தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றிப் பரண்மேல் போட்டார். பள்ளிச் சீருடை ஆர்டர் மலையாகக் கிடக்க, அந்தம்மா காலால் மிதிக்க ஆரம்பித்தார்.

"பில்லு குறையிறது தகடாலயா, எல்லாத்தையும் அணைச்சு வைக்கிறதாலயா?" என்று கணவரிடம் கேட்டார்.

"சந்தேகம் இருந்தா சித்தர்கிட்டயே போய்க் கேளு" என்றார் அவர்.

அந்தம்மா சித்தரைக் கேட்கவில்லை, மீட்டரைக் கேட்டார். கணவர் வேலைக்குக் கிளம்பியதும் தகட்டைப் பெயர்த்து, மீட்டர் பெட்டியைச் சாத்திவிட்டு, பக்கத்துக் கடை சலூன்காரரிடம் கொடுத்தார். காலை முதல் இரவு வரை ஏசி ஓடும் கடை அது. நியமம் எதுவும் வேண்டாம், தகட்டை மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார். இலவசமாகப் பேய் ஓடினால் சலூன்காரருக்குக் கசக்குமா?

வீட்டில் நியமம் ஒன்றுகூடத் தவறவில்லை. மிதித்து மிதித்து அந்தம்மாவின் முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

மாதம் முடிந்தது. வீட்டு பில் பாதியானது. சித்தரின் கூட்டத்தில் கணவர் எழுந்து கைகூப்பி நன்றி சொன்னார். அடுத்து அந்தம்மா எழுந்தார்.

"எங்க வீட்டுல தகடு ஒருநாள்கூட முழுசா இல்லைங்க. மாசம் பூரா அது சலூன் மீட்டர்மேலதான் இருந்துச்சு."

சலூன்காரர் தன் பில்லைத் தூக்கிக் காட்டினார். போன மாதத்தைவிட ஏறியிருந்தது.

சித்தர் அசரவில்லை. "தகட்டோட சக்தி சுவரைத் தாண்டி வந்து உன் வீட்டைக் காப்பாத்தியிருக்கும்மா" என்றார்.

"சரிங்க சாமி. சுவரைத் தாண்டத் தெரிஞ்ச சக்திக்கு, ஒட்டின இடத்துல வேலை செய்யத் தெரியலியே, ஏன்?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. தகட்டு விலையைத் திருப்பிக் கேட்க ஆட்கள் எழுந்தபோது, சித்தர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்வாசல் பக்கம் போனார். ஊரில் தண்ணீருக்கு அவ்வளவு தட்டுப்பாடு போலிருக்கிறது. மனிதர் இன்னும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் மனைவியின் முழங்காலைப் பார்த்தார். பரண்மேலிருந்து மோட்டாரை இறக்கினார்.

"நீ இதைப் போட்டுத் தை. வீண் லைட்டு, ஃபேனை நான் பாத்து அணைக்கிறேன்" என்றார்.

சுவிட்சை அணைக்க ஒரு விரல் போதும், பெருமக்களே. அதற்கும் ஒரு சித்தர் வேண்டும் என்பவர்கள் மூளையைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஓடினாலும் அதற்கு பில் வராது.