விமானத்துக்கு வைத்த மைக்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கியே தீருவது என்று முடிவு கட்டினேன். எங்கள் வீட்டில் தூக்கத்துக்கு எதிரிகள் மூன்று பேர்: வாஷிங் மெஷின், வேக்குவம் கிளீனர், என் மனைவியின் அக்கா. கடைசி ஆள் போனில்தான் வருவாள். ஆனால் ஸ்பீக்கரில் வருவாள்.

'சத்தம் போடாதே' என்று மனைவியிடம் சொல்லும் தைரியம் எனக்கு ஏது? அதனால் விஞ்ஞானி ஆகிவிட்டேன். பழைய சாமான் கடையில் மூன்று மைக் வாங்கி, மொட்டை மாடியிலும் பால்கனியிலும் ஹால் ஜன்னலிலும் கட்டி, கம்ப்யூட்டரில் இணைத்தேன்.

"என்ன, பொதுக்கூட்டமா? உங்க பேச்சைக் கேக்க யாரு வரப் போறா?"

"விமானம் எங்கே பறக்குதுன்னு சத்தத்தை வெச்சே கண்டுபிடிக்கப் போறேன். மூணு மைக்குக்கும் சத்தம் முன்னே பின்னே வந்து சேரும். அந்த வித்தியாசத்துல இடம் தெரிஞ்சுடும்."

"அண்ணாந்து பார்த்தா தெரியாதா?"

"மேகம் மறைச்சா?"

"மறைச்சா அது பாட்டுக்குப் போகட்டுமே. உங்களையா ஏத்திக்கிட்டுப் போகப் போறான்?"

ஞாயிறு இரண்டிலிருந்து நாலு வரை வீட்டில் மூச்சுச் சத்தம்கூடக் கூடாது என்றேன். உடனே சரி என்றாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எங்கே அவ்வளவு மூளை!

ஞாயிறு வந்தது. சரியாக இரண்டு மணிக்கு ஒரு பக்கெட் அழுக்குத் துணியும் என் முன்னால் வந்து உட்கார்ந்தது.

"மெஷின் போட்டா சத்தம் வரும். கையாலேயே கசக்கிடுங்க."

"நானா? நீ?"

"என் வளையல் சத்தம் மைக்குல விழுமே. நீங்கன்னா இந்த வீட்ல சத்தமில்லாம இருந்து பழகின ஆளு."

துடைப்பமும் என் கைக்கு வந்தது. "அக்காகிட்டே போன்ல பேசினாலும் சத்தம். நேர்லயே போய்ப் பேசிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் துணியைக் குளியலறை மெஷினில் திணித்தேன். சோபாவில் விழுந்தேன். ஆகா, அதுவல்லவோ தூக்கம்!

நாலு மணிக்கு வந்தவள் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். திரையில், சத்தம் வந்த இடங்களைக் காட்டும் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"இங்கே வாங்க, விஞ்ஞானி. விமானம்னா நகரணுமா, வேண்டாமா?"

"நகரணும்."

"ஒண்ணு, முக்கால் மணி நேரமா குளியலறையிலேயே நின்னிருக்கு. இன்னொண்ணு, கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரமா சோபாவை விட்டு அசையலை. அதோட இன்ஜின்தான் கொஞ்சம் இழுத்து இழுத்து ஓடுது."

அவமானம் பிடுங்கித் தின்றது. "தப்புதான்மா. எல்லா மைக்கையும் இப்பவே கழட்டிடறேன்" என்று ஏணியைத் தூக்கினேன்.

"கழட்டறதாவது! வரும்போதே நாலாவது ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன். சமையலறையில மாட்டுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க அங்கேதானே இருக்கப் போறீங்க?"